வெள்ளி இரவுக்கு மாற்றப்பட்ட கதை

மச்சான்,

நேற்று மத்தியானம் மகள் கைபேசியைச் சோபாவில் எறிந்துவிட்டு டேனிஷில் ஏதோ திட்டினாள். அவள் விழுந்து விழுந்து பார்க்கும் விண்வெளித் தொடரை அமெரிக்கக்காரன் வெள்ளி இரவுக்கு மாற்றிவிட்டானாம். நாள்தானே மாறியிருக்கிறது, அதற்கு ஏன் இந்தப் பாடு என்று குசினியில் சமைத்துக்கொண்டே அவள் தாய் சத்தம் போட்டாள். எனக்கோ வெள்ளி என்றதும் உன் முகம்தான் வந்தது. நீ இருந்திருந்தால் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, செத்த வீட்டில் விசாரிப்பது போல, எத்தனையாவது பகுதி போகிறது என்று மெல்லக் கேட்டிருப்பாய்.

எஸ்பியர்க் துறைமுகப் பட்டினத்தில் உன் வீட்டில் ஞாயிறு மாலைகளில் நாம் பார்த்த அந்தக் கப்பல் கதை நினைவிருக்கிறதா? உனக்கு நினைவில்லாமலா! துறைமுகத்தில் காற்றாலை இறக்கை ஏற்றிவிட்டு நீ வருவாய், முதியோர் இல்லத்து வேலை முடித்து நான் வருவேன். உன் வசந்தி தேத்தண்ணியை வைத்துவிட்டு, பேய்க்கதை பார்க்கிற இரண்டு பேயள் என்று சொல்லிப் போவாள். திரையின் கீழே ஓடுகிற டேனிஷ் எழுத்தை நீ உதடு அசைத்து வாசிப்பாய். நம் டேனிஷில் பாதி அப்படி வந்ததுதான்.

பூமியை விட்டுப் புறப்பட்ட பெரிய கப்பல் அது. வாராவாரம், கிழமைக்கு ஒரு தளமாக விளக்கு அணைந்துகொண்டு வரும். அணைந்த தளத்தில் இருந்தவர்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அப்படிச் சிலர் இருந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். குழாய் திருத்துகிற ஒருத்தி மட்டும் டோர்ச் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாள். உனக்கு அவளில் ஒரு பக்தியே இருந்தது. ஏனென்று நான் கேட்டதில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் உன் தம்பியை ஒரு விடியற்காலை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு அவன் வரவில்லை. அதை நீ வாயால் சொன்னது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அவள் இறங்குகிற ஒவ்வொரு படிக்கும் நீ மூச்சை அடக்குவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

அந்தத் தொடர் சாகப்போகிறது என்று முதலில் சொன்னவன் நீதான். ஊரில் பீரங்கிச் செல் விழுவதற்கு முதலே சந்தைக்காரர் சாக்கைச் சுருட்டுவதைப் பார்த்துப் பழகிய கண் உனக்கு. தொலைக்காட்சிக்காரன் ஒரு கதையைக் கொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று எனக்கு வகுப்பே எடுத்தாய். முதலில் ஒரு கிழமை நிறுத்திவிட்டு விளையாட்டுப் போட்டி காட்டுவான். பிறகு பகுதிகளை முன்னுக்குப் பின்னாகப் போடுவான். பிறகு சனம் வெளியே போகிற வெள்ளி இரவுக்குத் தள்ளுவான். கடைசியாக, பகுதி முடிய 'அடுத்த கிழமை' என்று ஒரு துண்டு காட்டுவானே, அதைக் காட்டாமல் விட்டுவிடுவான். அதோடு சரி என்பாய்.

வசந்தி பார்க்கிற சென்னைத் தொடர் மட்டும் ஏன் வருடக்கணக்கில் ஓடுகிறது என்று நான் கேட்டேன். உனக்கு வந்ததே கோபம்! ஊருக்குப் போய் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்தாலும் அந்த மாமியார் அதே படிக்கட்டில் நின்று அழுதுகொண்டிருப்பாள், விட்ட இடத்தில் பிடிக்கலாம். எங்கள் கப்பலை ஒரு கிழமை விட்டால் அடுத்த கிழமை தலையும் விளங்காது, காலும் விளங்காது. "மாமி அழ என்ன செலவு? கிளிசரின் காணும். கப்பல் விடக் காசு வேணும் மச்சான். காசு போட்டவன் விடிஞ்சாத் தலை எண்ணுவான்" என்றாய். இப்படிப்பட்ட கதைகளை விரும்புகிறவர்கள் இரவு வேலைக்காரர்களும் இளம் பெடியளும். அவர்கள் பதிவு செய்து வைத்து ஆறுதலாகப் பார்ப்பார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று விடிய எண்ணும்போது அந்தத் தலைகள் அங்கே இருக்காது.

அதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், பிறகு வராது. தேர்த் திருவிழாவுக்கு ஆள் சேர்ப்பது போல எஸ்பியர்க் தமிழ்ச் சனம் முழுவதற்கும் போன் அடித்தாய். ஞாயிறு மாலை எல்லோரும் டிவியைப் போட்டுவிட வேண்டும், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்றாய். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று அத்தனை பேரும் போட்டார்கள். முன்னறையில் கப்பல், ஒருவரும் உட்காராத வெறுங்கதிரைகளுக்கு ஓடியது. சனம் உள் அறையில் இருந்து அந்த மாமியாரைப் பார்த்தது. அப்போது என் மகள் சின்னப் பிள்ளை. எண்ணுகிற பெட்டி சில வீடுகளில்தான் இருக்கும், அதுவும் இந்தக் கதையை நிறுத்துவது எஸ்பியர்க் அல்ல, அமெரிக்கா என்று டேனிஷில் உனக்கு விளங்கப்படுத்தினாள்.

"அப்ப எங்கடை தலையள் கணக்கிலையே இல்லையோ?" என்று கேட்டாய். பிள்ளை என்னைப் பார்த்தது.

கடைசியாக வந்த பகுதியில் அவள் அடித்தளத்து இரும்புக் கதவுக்கு வந்துவிட்டாள். கைப்பிடியில் கை வைத்தாள். திரை கறுத்தது. அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் சமையல் போட்டி போனது. மிச்சத்தை எடுக்கவேயில்லை என்று பிறகு அறிந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்களா இல்லையா என்பது எழுதியவனுக்கே தெரியாமல் போயிருக்கலாம் என்றாய். அது உன்னை எவ்வளவு வருத்தியது என்பது எனக்குத் தெரியும்.

சில வருடம் கழித்து உனக்குப் புற்றுநோய் என்றார்கள். முதலில் பெரிய மருத்துவர் திங்கள் காலையில் பார்த்தார். பிறகு ஒரு சந்திப்பைத் தள்ளிப் போட்டார்கள். பிறகு ஒரு இளம் மருத்துவர் வந்தார். ஒரு நாள் நான் உன் வார்டுக்குள் வர, நீ சிரித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்கு மாத்திப்போட்டாங்கள் மச்சான்" என்றாய். விசர்க்கதை கதைக்காதே என்று ஏசினேன். அதன் பிறகு உன்னை வார்டின் கடைசியில் இருந்த தொங்கல் அறைக்குக் கொண்டுபோனார்கள். நல்ல அறை, பெரிய ஜன்னல், பூச்சாடி. தாதிமார் மிகவும் அன்பாகக் கதைத்தார்கள். அந்த அன்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அடுத்த கிழமை எண்டு இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை. கவனிச்சியோ?" என்றாய்.

கவனித்திருந்தேன். இல்லை என்றேன்.

அப்போதுதான் என்னிடம் அதைக் கேட்டாய். கதவுக்கு அங்காலை என்ன இருந்தது, நீயே ஒரு முடிவு சொல்லு என்றாய். எனக்கு எங்கே கதை வரும்? ஆனாலும் பேருந்தில் யோசித்தேன், வேலையில் கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டும்போது யோசித்தேன். அடுத்த முறை வந்து சொல்லத் தொடங்கினேன். அவள் கைப்பிடியைத் திருப்பினாள், கதவு கனமாக இருந்தது, உள்ளே இருட்டு, டோர்ச்சை உயர்த்தினாள், யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்த இடத்தில் நீ கையை உயர்த்தி என்னை நிறுத்தினாய்.

"காணும், இவ்வளவு போதும். மிச்சம் எப்ப எண்டு சொல்லு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அடுத்த கிழமை" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாய். அவ்வளவு சந்தோசத்தை உன் முகத்தில் நான் கனகாலமாகப் பார்த்திருக்கவில்லை. அடுத்த கிழமைக்கு நீ இருக்கவில்லை.

மச்சான், மிச்சப் பாதியை நான் அன்று யோசித்திருக்கவேயில்லை. மூச்சுச் சத்தம் வரைக்கும்தான் என்னிடம் இருந்தது. ஒரு கிழமை இருக்கிறதே என்று நினைத்தேன். இன்றைக்கும் வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறேன். சில நாள் உன் தம்பி அங்கே குந்தியிருக்கிறான். பல நாள் யாருமில்லை. மூச்சு அவளுடையதாகவே இருக்கிறது.

போன மாதம் உன் ஆண்டுத் திவசத்தில் வசந்தி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, அந்தக் கப்பல் கதையின் முடிவை அவருக்குச் சொன்னீங்களோ என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். நிம்மதியாகக் கறியை வார்த்தாள். என்ன முடிவு என்று அவள் இன்னும் கேட்கவில்லை.