பில்லில் தெரியாத வரி

மார்ச் 4
இந்த மாதம் நடைமுறைக்கு வந்த புது வரி முறையை விளக்கி எங்கள் வரித் துறை போடும் பிரசுரம் அச்சுக்குப் போய்விட்டது. வருமான வரியைக் குறைத்து, நாடு முழுக்க ஒரே விற்பனை வரி. ‘நீங்கள் கட்டும் வரியின் ஒவ்வொரு காசும் பில்லில் தெரியும்’ என்ற தலைப்பு நான் வைத்ததுதான். கடைசிப் பத்தியை இயக்குநர் அடித்துவிட்டார். சின்னக் கடைக்காரர்கள் வரி வசூலிக்க வேண்டாம். ஆனால் அவர்கள் வாங்கும் சரக்கில் கட்டிய வரி விலைக்குள் ஒளிந்திருக்கும், பில்லில் வராது — இதுதான் அந்தப் பத்தி.
“உண்மைதாம்மா. ஆனா இடம் பத்தல” என்றார்.
அந்த இடத்தில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம் வந்திருக்கிறது. நான் “சரி சார்” என்றேன்.

மார்ச் 5
எவ்வளவு சுலபமாக வந்தது அந்த “சரி சார்”!

மார்ச் 19
அக்காவின் தையல் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் என் பிரசுரத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். பேன்ட் நீளம் குறைக்க வந்த பஸ் டிரைவர் அதைப் படித்துவிட்டு, “சம்பளத்துல பிடிக்கிறதாவது மொத்தமா ஒரு சீட்டுல இருக்கு. இது அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் போனா எவ்வளவு போச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.
அக்கா விடவில்லை. “என் பில்லைப் பாருங்க. வரின்னு ஏதாவது இருக்கா? இல்லேன்னா இல்லதான். என் தங்கச்சி எழுதினது, அவ பொய் எழுத மாட்டா.”
நூல், ஜிப், காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் எல்லாவற்றுக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறாள். கூலியோடு சேர்த்து அது அந்த டிரைவர் தலையில்தான் விழுகிறது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.
டிரைவர் சிரித்தார். “வீட்டுலயே ஆபீசர் இருக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?”

மார்ச் 20
பொய் எழுதவில்லை. விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?

மார்ச் 27
கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து பிரசுரத்தைப் படித்துக்காட்டிப் பேசியிருக்கிறாள். ஒரு கணக்காளர் அவளுடைய ஜிப் ரசீதையே வாங்கி, வரியைக் காட்டி, “இது எங்கம்மா போச்சு? உங்க பில்லுல காணோமே?” என்று கேட்டிருக்கிறார். கூட்டமே சிரித்ததாம்.
நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.
“உனக்கு இது தெரியுமா, தெரியாதா?”
“தெரியும்.”
“அப்ப அன்னிக்கு டப்பாவுல பட்டனாடி தேடின?”
போய்விட்டாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 2
சங்கத்தில் நேரம் கேட்டு வாங்கிப் பேசினேன். பிரசுரம் எழுதியது நான், விடுபட்டது இது, தெரிந்தேதான் விட்டேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கூச வைத்தது.
கணக்காளர், “அப்ப வருமான வரிதான் ஒளிவுமறைவு இல்லாததா?” என்று கேட்டார்.
“அதுல எவ்வளவு கட்டினோம்னு தெரியும். பக்கத்து சீட்டுக்காரர் ஏன் கம்மியா கட்டுறார்னு புரியாது. இதுல விகிதம் எல்லாருக்கும் ஒண்ணு. வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு கட்டினோம்னு யாருக்கும் தெரியாது. எது மேல்னு சொல்ல நான் வரல. மறைச்சதைச் சொல்ல வந்தேன்.”
அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். நான் முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 6
இயக்குநர் கூப்பிட்டார். திட்டவில்லை. “உன்னை நம்பினேனேம்மா” என்றார். அக்காவைப் போல அவரும் நம்பினாராம்! நாளையிலிருந்து எனக்குத் தபால் பதிவுப் பிரிவில் வேலை.

ஏப்ரல் 11
வந்த தபால் நூற்றுப் பத்து. முத்திரை, எண், தேதி. பேச ஆளில்லை, நல்லதுதான்.

ஏப்ரல் 19
அக்கா போன் செய்தாள். “வா” என்றாள், வைத்துவிட்டாள்.
போனேன். மெஷினை நிறுத்தாமலே, காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். கடை வாடகைக்குப் புது ஒப்பந்தம் வந்திருக்கிறதாம், எட்டுப் பக்கம். அதை என் மடியில் போட்டாள்.
“படிச்சுச் சொல்லு. முழுசா.”
படித்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் சத்தமாகப் படித்தேன்.