அப்பா சட்டையின் நாலாவது பதக்கம்

10-8-70, திங்கள்
ஆடிக் காற்று. கொடியில் போட்ட என் பாவாடை எதிர்வீட்டு முருங்கையில். பதினைந்தாம் தேதி அணிவகுப்பு. அப்பாவின் பட்டாளத்துப் பதக்கங்களைத் தேய்க்கும் வேலை வழக்கம்போல் எனக்கு. புளி, சாம்பல், முணுமுணுப்பு.

மூன்று, சர்க்கார் கொடுத்தவை. நாலாவது நீலச் சிலுவை, நடுவில் ஸ்வஸ்திக். இத்தாலிச் சண்டையில் ஜெர்மன் வீரனிடம் அப்பா பிடுங்கிய வீரப் பதக்கம் என்று ஊரே நம்புகிறது. ஸ்வஸ்திக் இருப்பதால் ஆயுத பூஜைக்கு அம்மா மஞ்சள் குங்குமம் வேறு வைக்கிறாள். இன்று குங்குமம் போகத் தேய்த்தேன். சுற்றிலும் எழுத்து. இங்கிலீஷ் இல்லை. என் மார்க்கை வைத்து உறுதியாகச் சொல்வதற்கில்லை.

11-8
பள்ளி விட்டதும் தருமபுரி சர்ச். அங்குள்ள பிரெஞ்சு ஃபாதர் நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். சிலுவையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது சிப்பாய்க்குக் கொடுத்தது இல்லையம்மா. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுத்தது."

நாலைந்து பெற்றால் வெண்கலம். ஆறேழுக்கு வெள்ளி. எட்டிலிருந்து தங்கம். யூதத் தாய்க்கு எத்தனை பெற்றாலும் கிடையாது. இதை அணிந்த அம்மா எதிரே வந்தால் இளைஞர் படைப் பையன்கள் சல்யூட் அடிக்க வேண்டும். பிள்ளைகள் எதற்காம்? பட்டாளத்துக்கு. அந்த ஆட்சி ஒழிந்ததும் விருதும் ஒழிந்தது.

பின்னால் ஒரு கையெழுத்து. யாருடையது என்றேன். "அந்த மீசைக்காரனுடையது." கையைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே எட்டுக்குத் தங்கம். இங்கே மூன்றுக்கே குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸம்மாவிடம் அர்ச்சனை. நம்முடையது வெண்கலம். அம்மாவுக்கு நாங்கள் ஐந்து. பொருத்தம்தான்.

12-8
எதிர்வீட்டு ராஜம்மா அக்காவுக்கு எட்டு. குடத்தோடு வந்தார். விறைத்து நின்று சல்யூட் அடித்தேன்.
"ஏன்டி, கொழுப்பா?"
"உங்களுக்குத் தங்கம் பாக்கி இருக்குதுங்கக்கா."
"இரு, உங்கொப்பன் வரட்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சனிக்கிழமை, கலெக்டர் எதிரில், அப்பா நெஞ்சில் பிரசவ மெடல். யாராவது படித்துவிட்டால்? இத்தனை வருஷமாகச் சொன்ன கதை என்ன ஆகும்? சொல்வதா, ஒளிப்பதா?

13-8
ஒளித்தேன். அரிசிப் பானைக்குள். அம்மா கண்டெடுத்து மஞ்சள் வைத்து மறுபடி மாடத்தில்.

14-8
சொல்லிவிட்டேன். அப்பா பாதிச் சவரத்தில். அடி விழும் என்று வாசல் பக்கமாகவே நின்றேன்.

"நான் புடுங்கலடி. கைதியாப் புடிச்ச பையன். உங்கண்ணன் வயசு இருக்கும். பசி. ரொட்டிக்காக அவனாத்தான் குடுத்தான். குடுக்கறதுக்கு முன்னால அதுக்கு முத்தம் குடுத்தான். கிறிஸ்தவனாச்சே, சிலுவைக்குக் குடுக்கறான்னு நெனச்சேன்."

முகத்தில் சோப்பு காய்ந்தது. மீதிச் சவரம் இல்லை.

15-8
வெயில். கொடி, மிட்டாய், பேச்சு. அப்பா சட்டையில் மூன்று பதக்கம், நாலாவதன் ஊசி ஓட்டை. ராஜம்மா அக்கா வீட்டுக்காரர் விடவில்லை.
"எங்கீங்க, ஜெர்மன்காரனுது?"
"அது அவங்கம்மாளுதுங்க. வூட்ல இருக்குது."

வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ஃபாதரு ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டா அந்தம்மா யாருன்னு தெரியுமா? பேரு போட்டிருக்குதான்னு பாரு."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், முன்னும் பின்னும். அந்த அம்மா பெயர் எங்கும் இல்லை. மீசைக்காரன் கையெழுத்து மட்டும்.