ஒரே பையில் இரண்டு டிஸ்க்

மைசூரு
6-6-1998

அன்பு ஜெசிந்தா,

ஈவ்லினுக்குச் சளி விட்டுவிட்டது. எனக்குத்தான் தூக்கம் இல்லை. ஹெப்பாளில் ஒரு கம்பெனி, பாய்லர் ஆலை ஒன்றின் முழு வரைபடத்தையும் என்னிடம் கேட்டிருக்கிறது. செப்டம்பர் பதினான்காம் தேதி பெங்களூரில் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் மாதச் சம்பள வேலை. அக்டோபரில் நீ இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் இந்தப் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று கத்துகிறது. எந்த நாள் நிற்குமோ தெரியாது. மஸ்கட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கி அனுப்பு. தடிமன் பன்னிரண்டரை மில்லிமீட்டரை மிஞ்சினால் உள்ளே நுழையாது. நாலு ஜிகாபைட்டில் ஒன்றா, இரண்டு ஜிகாபைட்டில் இரண்டா, நீயே முடிவு செய். எனக்கு மூளை ஓடவில்லை.

உன் ஸ்டானிஸ்லாஸ்

மஸ்கட்
21-6-1998

அன்புள்ள ஈவ்லின் அப்பாவுக்கு,

சாப்பிடுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வரி இல்லை, கடிதம் முழுக்க டிஸ்க் புராணம். கடைக்காரன் பெரியதுதான் வேகம் என்று என் தலையில் கட்டப் பார்த்தான். நான் சின்னதாக இரண்டு வாங்கிவிட்டேன். எங்கள் வார்டில் ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை நம்பி யாரும் இருப்பதில்லை. ஸ்கேல் வைத்துத் தடிமனை அளந்தபோது கடையே சிரித்தது.

ஒன்று மெஷினில், ஒன்று வீட்டு பீரோவில். சனிக்கிழமைதோறும் நகல் எடுங்கள். என்னோடு வேலை செய்யும் பஞ்சவர்ணம் ஜூலையில் லீவில் வருகிறாள், வீட்டிலேயே கொண்டுவந்து தருவாள்.

உங்களையும் பிள்ளையையும் பார்த்து நாலு வருடமாகிவிட்டது. இந்தத் தடவை என்னை வரவழைத்துவிடுங்கள்.

உங்கள் ஜெசிந்தா

மைசூரு
17-9-1998

ஜெசிந்தா,

எப்படி எழுதுவேன். எல்லாம் போய்விட்டது.

நீ சொன்னபடியே சனிக்கிழமைதோறும் நகல் எடுத்தேன். படங்கள் அத்தனையும் முடிந்தன. கிளம்பும்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. அங்கே போய் இந்த டிஸ்க் ஓடாவிட்டால்? அதனால் பீரோவில் இருந்ததையும் எடுத்து லேப்டாப் பையிலேயே போட்டுக்கொண்டேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டீ குடிக்க இறங்கினேன், இரண்டே நிமிஷம். பஸ்ஸில் பை இல்லை.

கண்டக்டர், “ஏன் சார், பேகை சீட்ல விட்டுட்டு யாராவது எறங்குவாங்களா?” என்றார். கம்பெனியில் ஒரு மாத அவகாசம் கேட்டுக் கெஞ்சினேன். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நீ கையெழுத்துப் போட்டுவிடு. வேறு வழி தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஸ்டானிஸ்லாஸ்

மஸ்கட்
3-10-1998

அன்புள்ள ஈவ்லின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம். உங்களைத் திட்ட உட்கார்ந்தேன், முடியவில்லை. நானாக இருந்தாலும் இரண்டையும்தான் எடுத்துப் போயிருப்பேன்.

பஞ்சவர்ணம் ஆகஸ்டில் திரும்பியதுமே ஒன்று சொன்னாள். டிஸ்க் பார்சலோடு வாசலில் நின்றவளை ஈவ்லின் இடுப்போடு கட்டிக்கொண்டு, “அம்மா பந்த்ரு, அம்மா பந்த்ரு” என்று, அம்மா வந்துவிட்டாள் என்று, தெருவுக்கே கேட்கும்படி கன்னடத்தில் கத்தினாளாம். நீங்களும் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். எனக்கு எழுதவில்லை. அக்டோபரில் வந்து நானே சரிசெய்துவிடலாம் என்று நானும் கேட்கவில்லை.

அது வேறு யாரோ என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லை என்றால் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அம்மா ஒரு தடவை வந்துவிட்டுப் போனாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் ஜெசிந்தா