சைகோன் சந்தகை

3-6-1976, வியாழன்

மருமகள் லான் இன்றும் சாப்பிடவில்லை. ரசம் சோறு இரண்டு வாய். அதுவும் வெளியே வந்துவிட்டது. நான்காம் மாதம். மசக்கைதான் என்கிறாள் என் வீட்டுக்காரி பெரியாத்தாள். லானின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன தீபாவளிக்கு முன் என் மகன் திருமூர்த்தி வியட்நாமின் சைகோனிலிருந்து அவளை அழைத்து வந்தான். இந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

5-6-1976, சனி

சாப்பிடும்போது திருமூர்த்தி சொன்னான். பாண்டிச்சேரியில் இருக்கும் லானின் அக்கா பிரசவத்துக்குக் கூப்பிடுகிறாளாம். தாய்வீடு என்று லானுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நியாயம்.

"அங்க இவ பாஷை பேசறவங்க நெறையப் பேரு இருக்காங்கப்பா. எனக்கும் வேலை பாத்து வெக்கறேங்கறாங்க."

போனால் திரும்ப மாட்டார்கள். தடுக்க எனக்கு என்ன உரிமை? மோரை மட்டும் ஊற்றிக்கொண்டேன். ஆயுள் முழுக்க வகுப்பில் பேசியவன் நான்—

6-6-1976, ஞாயிறு

"உனக்கு என்னதான் சாப்பிடத் தோணுது கண்ணு?" என்று லானிடம் கேட்டேன். இத்தனை நாள் இதை ஏன் கேட்கவில்லை?

"புன் தித் நுவாங்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. "இங்கே கிடைக்காது மாமா."

9-6-1976, புதன்

ராஜா முகமதைப் பார்த்தேன். இப்போது இங்கே பனியன் வியாபாரம். முன்பு சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். லான் கேட்ட சாப்பாட்டின் பெயரைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பன்னிக்கறிங்க அது! எங்கடைக்கு எதுத்தாப்பலயே ஒரு அம்மா போட்டு விக்கும். நான் வாயில வெச்சதில்லீங்க வாத்தியாரே. ஆனா, அந்தப் பொகைய வருசக்கணக்காத் தின்னுருக்கேன்."

கறியை மெல்லிசாக அரிந்து, பூண்டும் சர்க்கரையும் பிசறி, கரி நெருப்பில் சுடுவார்களாம். கிண்ணத்தின் அடியில் பச்சை இலைகள், வெள்ளரி. அதன்மேல் அரிசிச் சேவை, "நம்ம சந்தகையாட்டவேங்க". அதற்குமேல் கறி, வறுத்த கடலை. கடைசியில் இனிப்பாக ஒரு தண்ணீர் ஊற்றுவார்களாம்.

"என்ன தண்ணிங்க?"

"கிட்டப் போயிருந்தாத்தானுங்களே தெரியும்!"

சந்தகைக்கு இனிப்பாக ஊற்றுவது தேங்காய்ப்பாலும் வெல்லமும்தானே. வேறென்ன இருக்க முடியும்?

12-6-1976, சனி

பெரியாத்தாளிடம் இன்றுதான் தைரியமாகச் சொன்னேன்.

"கிருத்திகை வெரதம் இருக்கற ஊட்டுல பன்னியா? ஏனுங்க, புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவளே, "சந்தகை நான் புழிஞ்சு தாரேன். அந்தக் கறி என்ற அடுப்புல ஏறக்கூடாது. பொழக்கடையில என்னத்தையோ சுட்டுக்குங்க" என்றாள்.

இது சம்மதம் என்றுதான் கொள்கிறேன்.

13-6-1976, ஞாயிறு

காலையில் ஊர்க்கோடியில் கறி வாங்கி வந்தேன். வழியில் பக்கத்து வீட்டுச் செங்கோட்டையன்.

"பையில என்னங்க வாத்தியாரே?"

"புடலங்காய்ங்க."

பையின் அடியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "செவப்புப் புடலங்காயாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

முதல் ஈடு கருகிவிட்டது. இரண்டாவது பரவாயில்லை. வீதி முழுக்கப் புகை. உள்ளே சந்தகை புழியும் மரத்தை அழுத்திக்கொண்டே பெரியாத்தாள், "ஊத்துக்குளி வரைக்கும் வாசம் போயிருக்குமுங்க. பெருமதான்!" என்றாள்.

ராஜா முகமது சொன்ன வரிசையில் அடுக்கினேன். புதினா, மல்லித்தழை, வெள்ளரி, சந்தகை, கறி, கடலை. வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலை நிறையவே ஊற்றினேன்.

லான் கிண்ணத்தைப் பார்த்தாள். "மாமா, இது என்ன வெள்ளை?"

சொன்னேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வாந்தி என்று பயந்து எழுந்தேன். இல்லை, சிரிப்பு! தோள் குலுங்கச் சிரித்தாள். மீன் ஊறிய உப்புத் தண்ணீரில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து ஊற்ற வேண்டுமாம். எல்லாம் பாழாப் போச்சு. தெரியாத வேலை எனக்கெதுக்கு? கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

ஒரு வாய் வைத்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

"எங்க அம்மா ஊர்லே இப்படி உண்டு."

ஆற்றோரத்து ஊராம். தடித்த அரிசிச் சேவை, பன்றிக்கறி, மேலே தேங்காய்ப்பால். அம்மா போன பிறகு யாரும் செய்து தரவில்லையாம். வெல்லம் மட்டும் அதிகம் என்றாள். சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

கதவோரம் நின்றிருந்த பெரியாத்தாள், "இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க. மரமாட்ட நின்னு பாத்துட்டிருக்கறீங்க!" என்றாள்.

14-6-1976, திங்கள்

வாந்தி இல்லை.

27-6-1976, ஞாயிறு

இன்று லானே கறி சுட்டாள். என்னை அடுப்பருகில் விடவில்லை. பெரியாத்தாள் மூக்கில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விசிறினாள். அவள் கறியைத் தொடவில்லை. கடலையை மட்டும் எடுத்துத் தின்றாள். பாண்டிச்சேரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

8-9-1976, புதன்

லானின் அக்காவும் அவர் கணவரும் அழைத்துப்போக வந்துவிட்டார்கள். லானின் பெட்டியை நேற்றே துடைத்து முன்னறையில் வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் பதறக்கூடாது என்று.

சகோதரிகள் தங்கள் மொழியில் நெடுநேரம் பேசினார்கள். பிறகு அக்காவின் கணவர் என்னிடம், "அப்ப நாங்க அழைச்சுக்கிட்டுக் கிளம்பலாங்களா?" என்றார். நான் பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

லான் பெரியாத்தாளைப் பார்த்தாள். "அத்தை, நான் போகலீங்க. நம்ம ஊட்டுலயே இருக்கட்டுங்களா?"

பெரியாத்தாள் லானின் அக்காவிடம் திரும்பி, "வந்ததே வந்தீங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

நான் வாழையிலை அறுக்கப் புழக்கடைக்குப் போனேன். அரிவாளை எடுக்க மறந்து திரும்பி வந்தேன்.