இரண்டு வரிசைக்கு நடுவே நீ விட்ட இடம்

மக்கா,

காலையில் உன் மகள் பேசி முடித்தபோது போன் கன்னத்தைச் சுட்டது. உடனே உன் நினைப்புதான். 'அதுக்குள்ள கரண்டு ஓடுது மாமி, ஓடினா சுடத்தான் செய்யும். நான் வரையுறதுல ஒண்ணும் ஓடாது' என்பாய்.

நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். டாக்டர் பட்டம் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்றார்கள். நம் கோட்டாறு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்குவாய். நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவள். ஆனாலும் நீ சொன்னதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. கட்டத்துக்கு நாலு மூலை, மூலைக்கு ஒரு குழி. உள்ளே இரண்டே எலக்ட்ரான். ஒன்றுக்கொன்று ஆகாது, அதனால் எதிரெதிர் மூலையில் போய் உட்காரும். இந்த மூலைகளில் உட்கார்ந்தால் ஒன்று, அந்த மூலைகளில் என்றால் பூஜ்யம். பக்கத்துக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. இருக்கிற இருப்பிலேயே அதைத் தள்ளித் தன்னைப்போல் உட்காரவைத்துவிடும். அந்தக் குழிக்குத்தான் குவாண்டம் டாட் என்று பெயர். கரண்டு ஓட வேண்டாம் என்பதால் செலவும் சூடும் கொஞ்சம்தான். 'செஞ்சு கடையில விக்கதுக்கு இன்னும் காலம் கெடக்கு மாமி. இப்போ கம்ப்யூட்டர்லதான் ஓட்டிப் பாக்கணும்' என்றாய்.

அந்தக் கட்டங்களை அடுக்கி எண்களைக் கூட்டுகிற சுற்று ஒன்றை வரைந்தாய். மற்றவர்கள் செய்ததைவிடச் சின்னதாக இருந்தால்தான் கருத்தரங்கில் கட்டுரையை எடுப்பார்கள் என்று உன் வழிகாட்டி சொல்லியிருந்தார். நீயும் நெருக்கி நெருக்கி அடுக்கினாய். சுற்று சின்னதாயிற்று, விடை தப்பாயிற்று. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாய். ஒரு மத்தியானம், நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

'மாமி, ரெண்டு வரிசைய ரொம்பப் பக்கத்துல வச்சுட்டேன். ஒண்ணு மத்ததத் தள்ளுது. உங்களுக்கும் சின்ன மாமிக்கும் உள்ளதுபோலத்தான்.'

சின்ன மாமி என்றது அடுத்த வீட்டிலிருக்கும் என் கொழுந்தன் மனைவியை. உன் கல்யாணப் பந்தியில் இருந்துகொண்டே பாயசம் தண்ணியா கெடக்கு என்றவள். அன்றோடு எங்களுக்குள் பேச்சில்லை.

'நான் அவகிட்ட பேசியே வருசமாச்சு. அவ என்னைய எங்க தள்ளுகா?' என்று கேட்டேன்.

'பேசவே வேண்டாம். அவிய வாசல்ல வந்து நின்னா போதும், நீங்க முதுகக் காட்டிட்டு நிப்பிய. நடுவுல சுவரு இருந்து என்ன செய்ய? தள்ளித்தான் இருக்கணும்.'

அன்று சாயங்காலம் நான் உனக்குச் சாயா போட்டுத் தரவில்லை.

வரிசைகளுக்கு நடுவே இடம் விட்டதும் சுற்று சரியாக ஓடியது. ஆனால் பெரிதாகிவிட்டது. வழிகாட்டி போனில் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது. 'அந்தச் சின்னப் படத்தையே குடும்மா. யாரு ஓட்டிப் பாக்கப் போறா?'

'ஓடாதது சின்னதா இருந்து என்ன சார் பிரயோஜனம்?' என்றாய்.

கருத்தரங்கில் உன் கட்டுரை வரவில்லை. பட்டம் தள்ளிப்போயிற்று, கல்லூரியிலும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். துபாயிலிருந்து என் மகன், 'போதும்மா, எல்லாத்தையும் மூடி வச்சிட்டு அவள இங்க வரச் சொல்லு' என்றான். 'முடிச்சிட்டுதான் வருவா. நீ போன வையிலே' என்றேன்.

முடித்தாய். அந்த இடம் விட்ட சுற்றை வைத்தே முடித்தாய். 'சார் மேல உள்ள கோவத்த விட்டுருங்க மாமி, பாவம்' என்று எத்தனையோ தடவை சொன்னாய். பாவமாம்.

நீ காய்ச்சலில் போனபிறகு உன் சார் துக்கம் கேட்க வந்தார். நாற்காலி போட்டேன், முகம் பார்க்கவில்லை. எழுந்து போகும்போது வாசல்படியில் நின்று, 'இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு அவ வரைஞ்சதத்தான் காட்டுறேம்மா' என்றார்.

'ஓடுதா?' என்று கேட்டேன்.

செருப்பைப் பார்த்தபடி, 'ஓடுதும்மா' என்றார்.

அவர் மேலுள்ள கோபத்தை நான் விடவில்லை, மக்கா. நீ சொல்லியே விடாதவள், இனியா விடப்போகிறேன்? ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்தே வாங்கி வைத்திருக்கிறேன்.