சந்தேகத்துக்குரிய கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இந்த உறையைக் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே பெரிய விஷயம். இங்கே உன் அண்ணியும் நானும் நலம். படி ஏறும்போது மட்டும் என் முழங்கால் மக்கர் செய்கிறது. உன் பைண்டிங் பட்டறைக் கூரை இன்னும் ஒழுகுகிறதா?

விஷயம் அப்பாவின் மடக்குக் கத்தி பற்றியது. மூன்று வருடம் முன்பு நீ அதை உன் பட்டறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தபோது, அலகில் பிறை முத்திரை இல்லை, கத்தியை மாற்றிவிட்டாய் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன். மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான் நீ, அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. நான் அதைக் காகிதத்தில் சுற்றி, 'சந்தேகத்துக்குரிய கத்தி' என்று மேலே எழுதி அலமாரியில் வைத்தேன்.

கத்தியைச் செய்தவர் யாரென்று தெரிந்தால் நான் சொன்னது நிரூபணமாகும் என்று நான்கு மாதம் முன்பு அதை வெளியே எடுத்தேன். வெந்நீர் ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். உன் பட்டறைப் பசை அடை அடையாகக் கழன்றது. அடியில் பிறை!

உடனே உனக்கு எழுதியிருக்க வேண்டும். என் புத்திதான் உனக்குத் தெரியுமே. எந்தக் கம்பெனியின் பிறை என்று உறுதி செய்துகொண்டு எழுதலாம் என்றிருந்தேன். நூலகத்தில் மூன்று புத்தகம் புரட்டினேன். நோட்டில் பிறையை இருபத்திரண்டு தடவை வரைந்தேன்.

கடைசியில் சாணை பிடிப்பவரிடம் போனேன். அவர் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து பதினோரு மடக்குக் கத்திகளை எடுத்துப் பரப்பினார். அத்தனையிலும் பிறை. "சார், இது முத்திரை இல்ல. நகம் வெச்சுத் திறக்கிற பள்ளம். இந்த வயசு வரைக்கும் ஒரு கத்தியக்கூடத் திறந்ததில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குப் பென்சில் சீவ அப்பாதானே திறந்து கொடுப்பார், அப்புறம் நீ. உனக்குப் பள்ளமும் தேவையில்லை, இரண்டு விரலால் பிடித்தே இழுப்பாய்.

அவர் ஒரே நகத்தில் திறந்தார். நான் நான்கு மாதம் தேடிய பெயர் அலகின் அடியில் பளிச்சென்று இருந்தது. ஒரு டானிக் கம்பெனி. ஆறு பாட்டில் வாங்கினால் கத்தி இலவசமாம். அவர்களே பெயர் அடித்துக் கொடுத்ததாம் என்றார்.

அப்பாவோ, கப்பல் கேப்டன் பரிசாகக் கொடுத்தது என்பார். ஆக, ஒன்று நீ மாற்றியிருக்க வேண்டும், அல்லது அப்பா கதை அளந்திருக்க வேண்டும். நோட்டில் இரண்டு பத்தி பிரித்து உட்கார்ந்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "மாமா அந்த டானிக்கத் தண்ணி மாதிரி குடிச்சாரு. காலி பாட்டில்லதான பத்து வருஷமா எண்ணெய் ஊத்தி வெச்சேன்! இதுக்கு ஒரு நோட்டா?" என்றாள்.

இதுவும் முழுச் சான்று ஆகாது என்று எழுதப்போனேன். நோட்டை மூடிவிட்டேன்.

தம்பி, நீ மாற்றவில்லை. அன்று கூடியிருந்த எல்லோருக்கும் தனித்தனியாக இதையே எழுதிவிட்டேன். நகல்கள் ஏழும் இத்துடன் இருக்கின்றன, சரிபார்த்துக்கொள். காகிதத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'தம்பியின் கத்தி' என்று எழுதியிருக்கிறேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே பென்சில்கள் எல்லாம் மழுங்கிக் கிடக்கின்றன. கத்தியைத் திறக்க எனக்கு இன்னும் பயம்தான். ஒரு நடை வந்து திறந்து கொடுத்துவிட்டுப் போ.

உன்
அண்ணன்