அக்கா இல்லாத ஆல்பம்

செப். 8, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளுன்னு. ஒர்க்‌ஷாப்புக்கு அரை நாள் லீவு. கேமரா வந்துடுச்சு!

செகண்ட்ஹேண்ட். கீறல் ரெண்டு, மத்தபடி பழுதில்ல. வெள்ளி நிற மேல்பாகம், கருப்புத் தோல் உறை. உள்ள டிஜிட்டல், வெளிய நாப்பது வருஷம் முந்தி. ஃபிலிமே கிடையாது, ஆனா ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுக்கணும். கர்ரக். அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். பின்னாடி ஸ்க்ரீனைத் திருப்பி மூடிட்டா அசல் ஃபிலிம் கேமராவேதான்.

வீட்டுக்காரி கல்யாணி கையில வாங்கிப் பாத்தா. "ஆறு மெகாபிக்சலா? ஃபோகஸும் நீங்களே திருப்பணுமா? அப்புறம் என்னத்துக்குங்க இது டிஜிட்டல்?"

லீவரை இன்னொரு தடவை இழுத்துக் காட்டினேன்.

குறைகள்:
– பாக்கற ஜன்னல் வேற, லென்ஸ் வேற. ஓரத்துல கொஞ்சம் தப்பும்.
– நடுவுல மஞ்சளா சின்னக் கட்டம். அதுல ஆள் ரெண்டா தெரிவாங்க. வளையத்தைத் திருப்பி ஒண்ணாக்கணும். ஒண்ணாயிடுச்சா இல்லையான்னு என் கண்ணுக்குச் சந்தேகம்.
– பேட்டரி மத்தியானம் தாண்டாது.

நிறைகள்னு எழுத ஆரம்பிச்சேன். ஒண்ணும் வரல. கையில வச்சுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான்.

செப். 9, செவ்வாய்

புழுக்கம். ஒர்க்ஷாப்ல ரெண்டு டிராயிங் திரும்பி வந்துச்சு, அளவு தப்பு.

சாயங்காலம் பழைய ஆல்பம். ஜெயா அக்கா டைப்பிஸ்ட் வேலைக்குப் போய் வாங்கின கேமராவும் இதே ஜாதிதான். நான் கொள்ளிடம் பாலத்துல சைக்கிளோட. நான் மலைக்கோட்டை மேல, காத்துல சட்டை உப்பி. அப்பா. அம்மா. பக்கத்து வீட்டு நாய்கூட ரெண்டு படம். அக்கா மட்டும் இல்ல. எடுத்தவ எப்படி இருப்பா.

கல்யாண ஆல்பத்துல இருக்கா, முகமே தெரியாம குனிஞ்சுக்கிட்டு. அத்தான் தவறிப் போனதுக்கு அப்புறம் அதுவும் இல்ல. எந்த விசேஷத்துலயும் குரூப் போட்டோன்னு குரல் வந்ததும், "பந்தியைப் பாக்கறேன்"னு நழுவிடுவா. யாரும் கூப்பிடறதில்ல. என் பொண்ணு கல்யாணத்துல நானே கூப்பிடல. அவ நழுவறதைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். இதை எழுதவே வெக்கமா இருக்கு.

வெள்ளிக்கிழமை அக்கா அவ மகன் கண்ணனோட மெல்போர்ன் போறா. இனி அங்கதான். பாஸ்போர்ட்ல இருக்கறதை எல்லாம் போட்டோன்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள ஒரு படம் எடுத்தாகணும். கேமரா வாங்கினதே அதுக்குத்தான். கல்யாணிகிட்ட சொல்லல.

செப். 10, புதன்

ஸ்ரீரங்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறி. நல்ல கூட்டம்.

அக்கா பெட்டி கட்டிக்கிட்டிருந்தா. மணப்பாறை முறுக்கு மட்டும் மூணு கிலோ. கேமராவைக் கொடுத்தேன். கையைத் துடைச்சுட்டு வாங்கினா. லீவரை இழுத்தா, கர்ரக். "அடேயப்பா! அப்படியே இருக்கேடா." கண்ணுல வச்சு என்னைப் பாத்தா. வளையத்தை எவ்வளவு சீக்கிரமா திருப்பறா! "ரொம்ப நரைச்சுட்டே சீனு."

சமயம் பாத்துக் கேட்டேன். "போடா, வேற வேலை இல்ல? பேரன் போனை நீட்டினாலே நான் ஓடறேன்."

கெஞ்சினேன். கடைசியில ரெண்டு கண்டிஷன். எடுத்ததும் காட்டக் கூடாது. நல்லா இல்லன்னு திரும்ப எடுக்கக் கூடாது. நானும் சத்தியம் பண்ணேன்: ஸ்க்ரீனை மூடியே வைப்பேன், ஒரு வாரம் கழிச்சுத்தான் பாப்பேன். அப்பல்லாம் ஸ்டுடியோவுல ஒரு வாரம் கழிச்சுத்தானே கொடுப்பான்.

செப். 11, வியாழன்

தூறல். கிளம்பும்போது கல்யாணி: "எதுக்கும் போன்லயும் ஒண்ணு எடுத்துக்குங்க." அது வேற, இது வேறன்னு ஒரு லெக்சர் கொடுத்தேன். "என்னமோ பண்ணுங்க"ன்னுட்டா.

போய்ச் சேந்தப்ப மழை விட்டிருந்தது. மொட்டை மாடி. பின்னாடி கோபுரம். பிளாஸ்டிக் நாற்காலியில அக்கா. ஷட்டர் வேகம் எல்லாம் நானே கையால வச்சேன். கட்டத்துக்குள்ள ரெண்டு அக்கா. மெதுவா ஒண்ணானாங்க. முதல் படத்துல விறைப்பா இருந்தா. அப்புறம் என்னையே பாத்தா, திடீர்னு சிரிச்சா. மேல் வரிசையில ஒரு பல்லு கோணல். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

பத்துப் படம். கண்ணன் மேல வந்து, "மாமா, நானும் போன்ல ஒண்ணு எடுக்கட்டா?" அக்கா விருட்டுன்னு எழுந்துட்டா. நானும் சும்மா இல்லாம, "கெடுக்காதடா"ன்னேன்.

செப். 12, வெள்ளி

ஏர்போர்ட். காலை ஃப்ளைட். அக்கா புது ஸ்வெட்டர், இந்த வெயில்லயே போட்டுக்கிட்டா. என் கையைப் பிடிச்சா. கேட்ல போலீஸ்காரர் "டிக்கெட் இருக்கறவங்க மட்டும்"னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடல.

செப். 14, ஞாயிறு

ஒரு வாரம் தாங்கல. ஸ்க்ரீனைத் திருப்பினேன்.

பத்தும் கருப்பு.

கார்டு கோளாறுன்னு நெனச்சேன். கழட்டித் துடைச்சு மாட்டினேன். அப்புறம்தான் கேமராவைத் திருப்பிப் பாத்தேன். லென்ஸ்ல மூடி. பஸ்ல தூறலுக்குப் பயந்து போட்டது. ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடி இருந்தாலும் ஜன்னல்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியும். வேற எந்தக் கேமராவா இருந்தாலும் அப்பவே காட்டிக் கொடுத்திருக்கும். மடையன் நான், அடி மடையன்.

கல்யாணி வந்து பாத்தா. காபியை வச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருக்கலாம்.

செப். 15, திங்கள்

லீவு சொல்லிட்டேன். பதினொரு மணிக்கு அக்காவுக்கு வாட்ஸப் கால். அங்க குளிராம், கை விறைக்குதாம். முறுக்கை ஏர்போர்ட்ல பிரிச்சுப் பாத்துட்டு விட்டுட்டாங்களாம். எப்படிச் சொல்றதுன்னு முழுங்கி முழுங்கிச் சொல்லிட்டேன்.

"தெரியும்டா"ன்னா.

"என்ன தெரியும்?"

"மூடி போட்டிருந்தது. முதல் படத்துலயே பாத்துட்டேன். நான் பாக்காத கேமராவா?"

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா கழட்டிடுவியே. மூடியிருக்கேன்னுதான் நிம்மதியா உக்காந்திருந்தேன்."

எனக்குக் கோபம் வந்துச்சு. யார் மேலன்னு தெரியல. "என் பொண்ணு கல்யாணத்துல உன்னைக் கூப்பிட்டு நடுவுல நிக்க வச்சிருக்கணும்க்கா, தப்புப் பண்ணிட்டேன்"னு சொன்னேன். கால் கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன். ஆகல.

"அக்கா, வீடியோ ஆன் பண்ணு."

"மாட்டேன். தலைகூட வாரல."

"பரவால்ல, பண்ணு."

பண்ணினா. நெத்தியும் மேல சீலிங்கும் மட்டும் தெரிஞ்சுது.

"போனைக் கொஞ்சம் கீழ இறக்குக்கா"ன்னேன்.

இறக்கினா.